பாட்டின் சுருதியைக் காதால் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக மன்றப் பாட்டு நிகழ்ச்சி, கோயில் பஜனை, கல்யாண வரவேற்பு என்று சிங்கப்பூரில் எங்கே கீபோர்டு வாசிக்க உட்கார்ந்தாலும், இடைவேளையில் யாராவது வந்து கேட்பது இதுதான்: "இந்தப் பாட்டு என்ன கீ? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" பியானோ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், புதிதாகக் கீபோர்டு வாங்கியவர்கள், பஜனையில் பாடும் அக்காமார்கள் என்று கேட்பவர்கள் பலர். சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

கீ, சுருதி, ஸ்கேல்... எல்லாம் ஒண்ணுதானா?

பேச்சில் மூன்றையும் ஒன்றாகவே புழங்குகிறோம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கண்டுபிடிக்க உட்காரும்போது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'ச', அதாவது பாட்டின் ஆதார ஸ்வரம், எங்கே இருக்கிறது. இதுதான் சுருதி. இன்னொன்று, அந்த 'ச'விலிருந்து மேலே எந்தெந்த ஸ்வரங்கள் வருகின்றன. இது ஸ்கேல் அல்லது ராகம். "டி மைனர்" என்று ஒருவர் சொன்னால் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்: 'ச' டி-யில் இருக்கிறது, அதன் மேல் மைனர் வரிசை.

முதல் விஷயம் தெரியாமல் இரண்டாவதைத் தொடவே முடியாது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் முதல் விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பாட்டு எந்த ஸ்வரத்துல ஆரம்பிக்குதோ அதுதானே 'ச'?

இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறந்தநாள் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அது 'ப'வில் ஆரம்பிக்கிறது. ஸ்வரமாகச் சொன்னால் நான்கு அடிகளும் இப்படிப் போகும்: 'ப ப த ப ச நி', 'ப ப த ப ரி ச', 'ப ப ப க ச நி த', 'ம ம க ச ரி ச'. மூன்றாவது அடியின் மூன்றாவது 'ப' மட்டும் ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே. கீபோர்டில் ஜி-யிலிருந்து வாசித்தால் பாட்டு சி-யில்தான் முடியும். அப்போது கீ சி மேஜர், ஜி மேஜர் அல்ல.

இப்போது ஒவ்வோர் அடியின் கடைசி ஸ்வரத்தையும் கவனியுங்கள். முதல் அடி 'நி'யில் நிற்கிறது. அங்கேயே நிறுத்திப் பாருங்கள், தொங்கும். இரண்டாவது அடி 'ச'வில் வந்து உட்கார்கிறது. மூன்றாவது அடி 'த'வில் நிற்கிறது. அதுவும் மறுபடி தொங்கல்தான். நான்காவது அடி 'ரி'யைத் தொட்டு 'ச'வில் முடிகிறது, உடனே எல்லோரும் கைதட்டுகிறார்கள். சங்கீதமே தெரியாத குழந்தை கூட மூன்றாவது அடி முடிந்ததும் கைதட்டாது. சுருதி கண்டுபிடிக்கத் தேவையான காது எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, பாட்டு "உட்கார்ற" இடத்தை எப்படிப் பிடிக்கிறது?

பாட்டை ஓடவிடுங்கள். பல்லவியை இரண்டு முறை கேட்டபின், பல்லவி முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அமைதியில் மனதுக்குள் பாட்டை நீங்களே முடித்துவையுங்கள். மேடையில் பாடகர் கடைசியாக நீட்டி நிறுத்துவாரே, அப்படி. அந்த ஸ்வரத்தை 'ம்ம்' என்று முனகுங்கள். முனகலை விடாமல் பிடித்துக்கொண்டு, கீபோர்டில் ஒரே ஒரு விரலால் அந்த ஒலியைத் தேடுங்கள். இரண்டு கைகளாலும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அமுக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீவக வீட்டில் ராத்திரி நேரமென்றால் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், உங்கள் முனகல் உங்களுக்கே கேட்க வேண்டும்.

கிடைத்துவிட்டதா? அத்தோடு விட்டுவிடக் கூடாது, சோதனை இருக்கிறது. அந்த ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியில் அமுக்கி, அதோடு 'ப'வையும் சேருங்கள். அடுத்த கட்டையை ஒன்று என்று வைத்து, கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணிக்கொண்டு மேலே போனால் ஏழாவது இருப்பது 'ப'. இரண்டையும் தம்புரா போல விடாமல் ஒலிக்கவிட்டு, பல்லவியை அதன்மேல் பாடுங்கள். சரியான 'ச' என்றால், பாட்டு எங்கெங்கோ போய்விட்டு வந்தாலும் முடிவில் தம்புராவோடு கரைந்துவிடும். தவறான 'ச' என்றால் முடிவு வேறெங்கோ நிற்கும், தம்புரா தனியாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் இரண்டு மூன்று ஸ்வரங்களை மாற்றி மாற்றி இதே சோதனை செய்யுங்கள். சரியானது கிடைக்கும்போது சந்தேகம் தானே போய்விடும்.

கட்டைக் கணக்கு ஒரு தடவை சொல்லிடுங்க அண்ணா, எப்பவும் மறந்துடுது.

சுருதியை எண்ணால் சொல்வதுதான் கட்டைக் கணக்கு. வெள்ளைக் கட்டைகள்: சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடையில் வரும் கறுப்புக்கு அரை சேர்க்க வேண்டும்: சி ஷார்ப் ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஷார்ப் ஆறரை. மூன்றரை கிடையாது. கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் பாடுவது வழக்கம். நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை.

சில ஸ்வரம் மட்டும் ஏன் "இன்னும் முடியலை"ன்னு இழுக்குது?

'ச ரி க ம ப த நி' என்று வாசித்து 'நி'யில் கையை எடுத்துவிடுங்கள். அறையில் இருக்கும் யாராவது மேல் 'ச'வை வாய்விட்டுப் பாடிவிடுவார்கள். காகலி நிஷாதத்துக்கும் ('நி'யின் உயர்ந்த வகை) மேல் 'ச'வுக்கும் இடையே ஒரே ஒரு அரைச்சுரம்தான் தூரம், அதனால் இழுப்பு மிக அதிகம். 'ரி'யும் 'ச'வுக்கு இறங்கப் பார்க்கும். 'ம' தன் கீழே இருக்கும் அந்தர காந்தாரத்தில் ('க'வின் உயர்ந்த வகை) சாயும். 'ப' அப்படியில்லை, அது நிலையான ஸ்வரம். 'ச' ஒலிக்கும் கம்பியிலேயே மூன்றாவது இசைவாக (ஹார்மோனிக், அதாவது கம்பி தானாகவே சேர்த்து ஒலிக்கும் மேல் ஒலி) 'ப'வும், ஐந்தாவதாக அந்தர காந்தாரமும் உள்ளே ஒலிக்கின்றன. நல்ல தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பது இதனால்தான்.

இதை ஆய்வுக்கூடத்திலும் அளந்திருக்கிறார்கள். 1982இல் கேரல் கிரம்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும் கேட்பவர்களுக்கு ஒரு கீயை உணர்த்திவிட்டு, பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாக ஒலிக்கவைத்து, எது எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். மேஜர் கீயில் 'ச' முதலிடம், அடுத்து 'ப', அதற்கடுத்து 'க'. ஸ்கேலில் இல்லாத ஸ்வரங்கள் கடைசியில் வந்தன. நம் ஊர் வாத்தியார்கள் நியாச ஸ்வரம், அதாவது நின்று இளைப்பாறக்கூடிய ஸ்வரம், என்று சொல்லிக்கொடுப்பதும் இந்த உணர்வைத்தான்.

கடைசி ஸ்வரம் 'ச'ன்னா, முடிவே இல்லாம சத்தம் குறைஞ்சு போற பாட்டுக்கு என்ன பண்றது?

பாட்டின் கடைசியை நம்பியிருக்க வேண்டியதில்லை. பல்லவிக்குத் திரும்பும் இடங்களும் சரணத்தின் முத்தாய்ப்பும் (முடித்துவைக்கும் இடம்) போதும். ஒரு பாட்டில் இப்படி நாலைந்து இடங்கள் கிடைக்கும்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சில பாட்டுகள் வேண்டுமென்றே 'க'விலோ 'ப'விலோ முடியும், கேட்க இனிமையாகவும் இருக்கும். அங்கே கடைசி ஸ்வரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 'ச' என்று எழுதிவிட்டால் தவறு. தம்புரா சோதனைதான் காப்பாற்றும். பேஸ் கித்தாரையும் கேளுங்கள். பாடகர் 'க'வில் நின்றாலும் பேஸ் 'ச'வில் இறங்கியிருக்கும்.

யூடியூப்ல முதல் கார்டுதான் கீன்னு சொல்றாங்களே?

பல பாட்டுகளில் அப்படித்தான் அமையும், ஆனால் விதி இல்லை. எடுத்த எடுப்பிலேயே நான்காம் கார்டிலோ ('ம' மேல் அமைவது) ஆறாம் கார்டிலோ ('த' மேல் அமைவது) ஆரம்பிக்கும் சினிமாப் பாட்டுகள் ஏராளம். முதல் கார்டைவிட, முத்தாய்ப்பில் வந்து சேரும் கார்டை நம்புங்கள். 'ப' கார்டிலிருந்து 'ச' கார்டுக்கு வரும் இடம் தெரிந்தால் வேலை முடிந்தது.

என் பொண்ணு பியானோ கிரேடு 5 முடிச்சுட்டா. தாளைப் பாத்தா டக்குன்னு கீ சொல்லுவா. காதால கேட்டா திணறுறாளே?

அவள் படித்ததில் குறை இல்லை. கிரேடு 5 தியரியில் ஆறு ஷார்ப், ஆறு ஃபிளாட் வரையுள்ள கீ சிக்னேச்சர் எல்லாம் வந்துவிடும். ஆனால் தாளில் ஒரே ஒரு ஷார்ப் இருந்தால் அது ஜி மேஜராகவும் இருக்கலாம், ஈ மைனராகவும் இருக்கலாம். அந்த இரண்டில் எது என்பதைத் தாளில் கூட மெட்டு எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்வரப் பட்டியல் பாதி பதில். மீதிப் பாதி, அந்தப் பட்டியலில் எது 'ச' என்பது.

இதைப் புரியவைக்க இந்த ஊரில் ஓர் அருமையான வசதி இருக்கிறது: சீனர்களின் குசெங். இருபத்தொரு கம்பிகள், வழக்கமாக டி-யில் சுருதி சேர்த்திருப்பார்கள். டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற ஐந்து ஸ்வரங்கள்தான் மேலும் கீழும் திரும்பத் திரும்ப வரும். டி-யை 'ச' என்று வைத்தால் அது அப்பட்டமான மோகனம், இரண்டு கட்டையில். ஒரு கம்பியைக் கூடத் தொட்டு மாற்றாமல், பி-யில் வந்து வந்து நிற்கிற ஒரு மெட்டை அதே குசெங்கில் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பது சுத்த தன்யாசி, ஏழு கட்டையில். ஈ-யில் நின்றால் மத்யமாவதி. எஃப் ஷார்ப்பில் நின்றால் ஹிந்தோளம். ஏ-யில் நின்றால் சுத்த சாவேரி. அதே ஐந்து ஸ்வரங்கள், ஐந்து ராகங்கள். மாறியது மெட்டு எங்கே இளைப்பாறுகிறது என்பது ஒன்றுதான். சீன இசையிலும் இந்த ஐந்துக்கும் கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று தனித்தனிப் பெயர் உண்டு.

நம் பக்கத்தில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். பழந்தமிழ் இசையிலும் இந்த அறிவு இருந்தது: ஒரு பண்ணின் (ராகத்தின்) வேறொரு நரம்பை, அதாவது ஸ்வரத்தை, குரலாக ('ச'வாக) வைத்து இன்னொரு பண்ணை உண்டாக்குவதைப் பண்ணுப்பெயர்த்தல் என்றார்கள். உங்கள் மகளை மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றில் முடிகிற மாதிரி சின்னச் சின்ன மெட்டாக உண்டாக்கச் சொல்லுங்கள். பயிற்சிப் புத்தகத்தைவிட இது சீக்கிரம் காதைத் திறக்கும்.

'ச' கிடைச்சாச்சு. மேஜரா மைனரான்னு எப்படிச் சொல்றது?

'க'வைப் பாருங்கள். 'ச'வுக்கு அடுத்த கட்டையிலிருந்து கறுப்பு வெள்ளை எண்ணி நாலாவது ஒலித்தால் மேஜர், மூன்றாவது ஒலித்தால் மைனர். ஆனால் மத்யமாவதியிலும் சுத்த சாவேரியிலும் 'க'வே கிடையாது. அங்கே மேஜர், மைனர் என்று அடம்பிடிக்காமல் 'ச', 'ப' இரண்டை மட்டும் பிடித்தாலே அழகாக இருக்கும். சாருகேசியில் 'க' மேஜர் பக்கமும், 'த'வும் 'நி'யும் மைனர் பக்கமும் இருக்கும். பெயர் வைப்பது முக்கியமில்லை, பாடகர் தொடாத ஸ்வரத்தை உங்கள் கார்டு தொடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

ஆப் ஒண்ணு சொல்லுது, காது வேற ஒண்ணு சொல்லுது. எதை நம்பறது?

காதை நம்புங்கள், தம்புரா சோதனையும் செய்திருந்தால். இந்த ஆப்கள் பெரும்பாலும் எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து, அதை மேஜர், மைனர் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மெட்டு எங்கே இளைப்பாறுகிறது என்பது அந்தக் கணக்கில் சரியாக விழாது. அதனால் சி மேஜர் பாட்டை ஏ மைனர் என்றும், 'ப'வில் அதிகம் நிற்கும் பாட்டை ஐந்து ஸ்வரம் தள்ளியும் சொல்லிவிடும். ராகப் பாட்டுகளில் இந்தத் தவறு இன்னும் அதிகம், மாதிரியில் இருப்பது இரண்டே வகைதான். ஆப் சொல்வதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு, அதையும் சோதித்துப் பாருங்கள்.

பழைய ஒலிப்பதிவுகளில் வேறொரு தொல்லை உண்டு. நாடாவின் வேகம் சற்று மாறியதால் பாட்டு இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவே எங்கோ இருக்கும். கீபோர்டின் டியூனிங்கை நகர்த்திப் பாட்டோடு சேர்த்துவிட்டு, அப்புறம் தேடுங்கள்.

சரணத்துல சுருதியே மாறிட்ட மாதிரி இருக்கு. நிஜமா மாறுதா?

இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, மெட்டு கொஞ்ச நேரம் வேறொரு ஸ்வரத்தை 'ச' போலப் பாவித்துவிட்டுத் திரும்பிவரும். இன்னொன்று, 'ச'வே இடம் பெயர்ந்துவிடும். கடைசிப் பல்லவியை அரைக் கட்டை, ஒரு கட்டை ஏற்றிப் பாடுவது இந்த வகை.

பிரித்தறிய, பல்லவியின் 'ச'வைத் தம்புராவாக விட்டுவிட்டுச் சரணத்தைக் கேளுங்கள். நடுவில் உறுத்தினாலும் பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடி கரைந்தால் சுருதி மாறவில்லை. அந்தப் பகுதிக்குக் கார்டு மட்டும் மாறினால் போதும். உறுத்தல் கடைசிவரை தீரவேயில்லை என்றால் நிஜமாகவே மாறிவிட்டது.

புன்னாகவராளிப் பாட்டுக்கு உங்க முறை சரியா வரலையே? 'நி'யில போய் நிக்குது.

நல்ல கேள்வி, இது கொஞ்சம் சிக்கலானதுதான். சில ராகங்கள் மேல் 'ச' வரை போகாமல் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே அடங்கி, 'ச' அல்லாத ஸ்வரத்தில் முடியும். புன்னாகவராளியும் நாதநாமக்ரியாவும் 'நி'யில், செஞ்சுருட்டி 'த'வில், நவரோஜ் 'ப'வில். இவற்றில் மேல்கோடியிலோ கீழ்க்கோடியிலோ பாட்டு நிற்கிறது என்பதை மட்டும் வைத்து 'ச'வை முடிவு செய்யக் கூடாது. தம்புரா எதனோடு ஒலிக்கிறது, மற்ற அடிகள் எங்கே அமர்கின்றன என்று பாருங்கள். பிறந்தநாள் பாட்டில் முதல் அடி 'நி'யில் நின்றபோதும் 'ச' இடம் மாறவில்லையே, அதே நியாயம்தான் இங்கேயும்.

இந்தப் பாட்டுகளுக்கு மேல் ஸ்தாயி தேவையில்லை என்பதால் பாடகர்கள் வழக்கமாக மத்யம சுருதியில் பாடுவார்கள், அதாவது தங்களுடைய 'ம'வைச் 'ச'வாக வைத்துக்கொள்வார்கள். ஒரு கட்டைப் பாடகர் இந்தப் பாட்டை நாலு கட்டையில் பாடுவார். தம்புராவில் 'ப' கம்பியை 'ம'வுக்கு இறக்கிவிடுவார்கள். அப்போது அதில் ஒலிப்பது சி-யும் எஃப்-பும். எஃப்-பை 'ச' என்றால் சி அதற்குப் 'ப'. பாடகர் "என் சுருதி ஒண்ணு" என்று சொல்லியிருந்தாரே என்று நீங்கள் சி-யிலேயே நின்றுவிட்டால் முழுப் பாட்டும் தப்பாகிவிடும்.

ஒரிஜினல்ல ஒரு கீ, பாடுற அக்கா கேட்கிறது வேற கீ. மாத்தினா பாட்டு கெட்டுடாதா?

கெடாது. 'ச'வை நகர்த்தினால் எல்லா ஸ்வரமும் கூடவே நகரும், இளைப்பாறும் இடங்களும் அப்படியே வந்துவிடும். நம் தேசிய கீதமே இதற்குச் சாட்சி. சுபிர் சைட் 1958இல் இயற்றிய மெட்டு ஜி மேஜரில் வழங்கிவந்தது. 2001இல் பூன் இயூ டியன் செய்த புதிய இசையமைப்பில் எஃப் மேஜருக்கு இறக்கினார்கள். நம் கணக்கில் ஐந்து கட்டையிலிருந்து நாலு. பள்ளிக்கூடத்தில் தினமும் பாடும் பிள்ளைகளுக்கு மேலே எட்டுவது அதனால் எளிது, மெட்டோ அதே மெட்டுதான்.

அக்காவிடம் பல்லவியைக் கேட்காதீர்கள், பாட்டிலேயே உயரமான அடியைப் பாடச் சொல்லுங்கள். அது சிரமமில்லாமல் வரும் சுருதியே அவருடைய சுருதி. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் போட்டால் முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த பாடகர் வந்து நிற்கும்போது அது நினைவில் இருக்காது.

பஜனையில யாரும் சுருதி சொல்றதில்ல, எடுத்தவுடனே பாட ஆரம்பிச்சுடறாங்க. ஒரு வரிக்குள்ள எப்படிப் பிடிக்கிறது?

நாமாவளியில் ஒரு வசதி உண்டு, முதல் வரியைக் கூட்டம் திரும்பப் பாடும். தலைவர் பாடும்போது வாசிக்காமல் கேளுங்கள். வரி எங்கே இறங்கி அமர்கிறது என்று முனகிப் பிடித்துவிட்டு, கூட்டம் பாடும்போது மெதுவாக அந்த ஒரே ஸ்வரத்தை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஒத்துப்போனால் அடுத்த சுற்றில் 'ப'வையும் சேருங்கள். முதல் சுற்றிலேயே கார்டு போட்டுத் தப்பாகிவிட்டால் பாடுகிறவர்களின் சுருதியையும் சேர்த்துக் கலைத்துவிடுவீர்கள்.

விருத்தமும் தேவாரமும் தாளமில்லாமல் வருவதால் இன்னும் பொறுமை வேண்டும். ஓதுபவர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சு வாங்குவார், அந்த இடங்களைக் கேளுங்கள். முதல் அடி 'ப'விலோ 'ம'விலோ நிற்கலாம், நாலாவது அடிதான் பெரும்பாலும் 'ச'வுக்கு வரும். கொல்லிப் பண்ணாக இருந்தால் இன்று அதை நவரோஜில் ஓதுவதால், மேலே சொன்னபடி 'ப'வில் முடியும் என்பதையும் மனதில் வையுங்கள். அதுவரை இடது கை 'ச', 'ப' இரண்டையும் சன்னமாகப் பிடித்திருக்கட்டும். 'க' எது என்று ஓதுபவர் காட்டிய பிறகு வலது கையைச் சேர்த்தால் போதும்.